பிறைக்கு அருகில் ஒரு வெளிச்சம்: வானத்தின் அத்தாட்சி யாரைக் காட்டுகிறது?

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

முதல் உரை

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.

வானங்களையும் பூமியையும் படைத்து, சூரியனுக்கும் சந்திரனுக்கும் அவற்றுக்குரிய பாதையை வகுத்துத் தந்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், கியாமத் நாள் வரை அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! தனிமையிலும் கூட்டத்திலும், இரவிலும் பகலிலும் அல்லாஹ்வை அஞ்சி நடந்துகொள்ளுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் நான் வஸிய்யத் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! 2023ஆம் ஆண்டு மார்ச் 24, வெள்ளிக்கிழமை மாலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஹிஜ்ரி 1444 ரமளான் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் பெரும்பாலானோருக்கு அன்று முதல் நோன்பு. மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் மேற்கு வானத்தைப் பார்த்தார்கள். மெல்லிய பிறை. அதன் கீழ் விளிம்பை ஒட்டினாற்போல் ஒரு பிரகாசமான புள்ளி. தெருவில் நின்றவர்கள் எல்லாம் செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். மொட்டை மாடியில் பிள்ளைகள் கூடினார்கள். அன்று இரவே அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றி வந்தன.

படத்தோடு பேச்சும் சேர்ந்து வந்தது. "ரமளானை வரவேற்க வானத்தில் இஸ்லாத்தின் சின்னம் தோன்றியிருக்கிறது" என்றார்கள் சிலர். "இது நல்லதற்கா கெட்டதற்கா, என்ன நடக்கப் போகிறதோ" என்று பயந்தார்கள் சிலர். இதுபோன்ற காட்சி வரும்போதெல்லாம் இந்த இரண்டு பேச்சும் வருகின்றன. இனியும் வரும். ஆகவே ஒரு முஸ்லிம் இந்தக் காட்சியை எப்படிப் பார்க்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பதை இன்று குர்ஆன், ஹதீஸ் வெளிச்சத்தில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

கண்ணுக்குத் தெரிந்ததும் உண்மையில் இருந்ததும்

முதலில் அன்று நாம் பார்த்தது என்ன? அந்தப் பிரகாசமான புள்ளி நட்சத்திரம் அல்ல. அது வெள்ளிக் கோள். அரபியில் ஸுஹரா என்பார்கள். நம் பாட்டிமார்கள் விடியற்காலையில் பார்த்தால் விடிவெள்ளி என்று சொல்வார்களே, அதேதான். நட்சத்திரம் கண் சிமிட்டும். கோள் பெரும்பாலும் சிமிட்டாமல் நிலையாக ஒளிரும். இரவு வானத்தில் நிலாவுக்கு அடுத்தபடியாக மிகவும் பிரகாசமானது இந்த வெள்ளிதான்.

அன்று பகல் வெளிச்சம் இருக்கும்போதே இந்தியாவின் பல ஊர்களில் வெள்ளி நிலாவுக்குப் பின்னால் போய் மறைந்து, பிறகு மறுபக்கம் வெளியே வந்தது. சூரியன் மறைந்து வானம் இருண்டதும், அப்போதுதான் வெளியே வந்திருந்த வெள்ளியை நாம் பிறையை ஒட்டிப் பார்த்தோம்.

ஆனால் அவை இரண்டும் உண்மையிலேயே அருகருகே இருந்தனவா? இல்லை சகோதரர்களே. நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வெள்ளியோ அன்று 15 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. நிலாவைப் போல 400 மடங்குக்கும் மேற்பட்ட தூரம். நிலாவின் ஒளி நம்மை வந்தடைய ஒன்றேகால் வினாடி போதும். அன்று வெள்ளியின் ஒளி வந்து சேர 8 நிமிடத்துக்கும் மேல் ஆனது. நாம் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே திசையில் இருந்தன, அவ்வளவுதான். தெருமுனையில் நிற்கும் மின்கம்பமும் தொலைவில் இருக்கும் பள்ளிவாசல் மினாராவும் ஒரு கோணத்தில் பார்த்தால் ஒட்டி நிற்பதுபோல் தெரியும் அல்லவா? அதுபோல.

இங்கே ஒரு நிமிடம் நம்மையும் பார்த்துக்கொள்வோம். தோளோடு தோள் சேர்த்து ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். மேலிருந்து பார்த்தால் எவ்வளவு நெருக்கம்! ஆனால் பக்கத்தில் நிற்கும் அண்ணனோடு சொத்துத் தகராறில் பல வருடமாகப் பேச்சு கிடையாது. ஸலாம் கொடுத்து முடிந்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விடுகிறோம். ஸஃப்புகளைச் சீராக்குங்கள், மாறுபட்டு நிற்காதீர்கள், அப்படி நின்றால் உங்கள் உள்ளங்களும் மாறுபட்டுவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. வரிசை சேர்வதன் நோக்கமே உள்ளம் சேர்வதுதான். கோள்களுக்கு உள்ளம் இல்லை. அவை தூரத்தில் இருப்பது குற்றம் அல்ல. நமக்கு உள்ளம் இருக்கிறது. அதைப் பற்றி நாளை நம்மிடம் கேட்கப்படும்.

கணக்குப்படி நீந்துகின்றன

சரி, அந்தக் காட்சி அதிசயமா, வழக்கமா? இரண்டும்தான்.

நிலா ஏறத்தாழ 27 நாட்களில் வானத்தை ஒரு சுற்று சுற்றி வருகிறது. கோள்களும் ஏறக்குறைய அதே பாதையை ஒட்டித்தான் நகர்கின்றன. ஆகவே ஒவ்வொரு மாதமும் நிலா ஒவ்வொரு கோளையும் கடந்து போகிறது. சில மாதம் தள்ளிப் போகும், சில மாதம் ஒட்டிப் போகும், மிகச் சில நேரங்களில் மறைத்துவிட்டே போகும். எந்த நாளில், எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதை வருடங்களுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட முடிகிறது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒன்றை ஒன்று தொடுவதுபோல் தெரிந்தன. அவை சுமார் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திக்கின்றன. ஆனால் அந்த அளவு நெருக்கமாக வந்தது 1623க்குப் பிறகு அப்போதுதான். அதையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார்கள்.

எப்படி முடிகிறது? அவை தாமாக ஓடவில்லை, ஓட்டப்படுகின்றன. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்று சூரா அர்ரஹ்மானின் 5ஆவது வசனம் சொல்கிறது. சூரியன் சந்திரனை எட்டிப் பிடிப்பதும் இல்லை, இரவு பகலை முந்துவதும் இல்லை, ஒவ்வொன்றும் அதனதன் வட்டத்தில் நீந்துகின்றன என்று சூரா யாஸீனின் 40ஆவது வசனம் சொல்கிறது. எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம், மய்யித்துக்காக ஓதியிருக்கிறோம். ஒரு தடவை அந்த வசனத்தை வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓதிப் பாருங்கள்.

மார்ச் 24க்கு அடுத்த நாள் மாலையிலும் மேற்கே பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வெள்ளி ஏறத்தாழ அதே இடத்தில் இருந்தது. நிலா மட்டும் அதை விட்டு மேலே போயிருந்தது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முஷ்டியின் அகலத்துக்கும் சற்று அதிகமான இடைவெளி. ஒரே நாளில்! அந்த ஓட்டம்தான் நமக்கு மாதக் கணக்கு. பிறைகளைப் பற்றி மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அவை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்ற பதிலையே சொல்லுமாறு அல்லாஹ் சூரா அல்பகராவின் 189ஆவது வசனத்தில் கற்றுக் கொடுத்தான். பிறை நம் விதியைச் சொல்ல வந்தது அல்ல. நம் இபாதத்தின் நேரத்தைச் சொல்ல வந்தது.

நம் முன்னோர்கள் இதைப் புரிந்திருந்தார்கள். 1009ஆம் ஆண்டில் காலமான கெய்ரோவின் வானியல் அறிஞர் இப்னு யூனுஸ், கோள்கள் அருகருகே வந்த நிகழ்வுகளையும் கிரகணங்களையும் கவனித்துத் தேதியோடு குறித்து வைத்தார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும், நிலாவின் ஓட்டத்தைத் துல்லியமாக அறிய ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் அவருடைய குறிப்புகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். டமாஸ்கஸ் உமய்யா பள்ளியில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னு ஷாத்திர். 14ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வானியல் அறிஞர்களில் ஒருவர் அவர். பள்ளிவாசலில் சம்பளம் வாங்கிக்கொண்டு வானத்தை அளந்த உம்மத் நாம். இன்று ஃபார்வர்டு மெசேஜை நம்பிக்கொண்டு நிற்கிறோம்.

இப்ராஹீம் (அலை) பார்த்த வானம்

வெள்ளியையும் நிலாவையும் பற்றிப் பேசும்போது நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பேசாமல் கடக்க முடியாது. சூரா அல்அன்ஆம் 75 முதல் 79 வரையுள்ள வசனங்களில் அல்லாஹ் அதைச் சொல்கிறான். அவர்களுடைய மக்கள் வானத்தில் ஒளிர்பவற்றை வணங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு சூழ்ந்தது. இப்ராஹீம் (அலை) அவர்கள் ஒரு நட்சத்திரத்தைக் கண்டு, இது என் இறைவன் என்றார்கள். அது மறைந்தது. மறைபவற்றை நான் நேசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு சந்திரன் உதித்தது, அதுவும் மறைந்தது. பிறகு சூரியன், எல்லாவற்றிலும் பெரியது, அதுவும் மறைந்தது. தம் மக்களின் கொள்கை எவ்வளவு பலவீனமானது என்பதை அவர்களுக்குப் படிப்படியாகப் புரிய வைக்கவே இப்படிப் பேசினார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் விளக்குகிறார்கள். அந்த நட்சத்திரம் எது? ஸுஹரா என்று சிலரும், முஷ்தரீ, அதாவது வியாழன் என்று சிலரும் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்த மார்ச் மாத இரவுக்கு வாருங்கள். மஃரிபில் எல்லோரும் பார்த்து வியந்த பிறையும் வெள்ளியும், தராவீஹ் முடிந்து நாம் வெளியே வந்தபோது எங்கே இருந்தன? இரண்டுமே அடிவானத்தில் இறங்கி மறைந்துவிட்டிருந்தன. சில மணி நேரம்தான் அந்த அழகு. இப்ராஹீம் (அலை) அவர்கள் சொன்ன வார்த்தையின் பொருள் அப்போது புரிய வேண்டும். மறைந்து போவதை ரசிக்கலாம். அதன் மீது நம்பிக்கை வைக்க முடியாது. மறையாதவன் ஒருவன் இருக்கிறான். நம்பிக்கை அவன் மீதுதான்.

அதன் பிறகு இப்ராஹீம் (அலை) அவர்கள், வானங்களையும் பூமியையும் படைத்தவனின் பக்கமே என் முகத்தைத் திருப்பிவிட்டேன் என்று அறிவித்தார்கள். சகோதரர்களே, இந்த வார்த்தை நமக்குப் புதிதா? தக்பீர் கட்டியதும் ஓதும் வஜ்ஜஹ்து என்ன? அதன் தொடக்கம் அவர்களின் இந்த அறிவிப்புதான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே மதரஸாவில் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நட்சத்திரம், நிலா, சூரியன் மூன்றையும் விட்டு முகத்தைத் திருப்பிய ஒரு நபியின் வார்த்தையோடு நாம் தொழுகைக்குள் நுழைகிறோம். அப்படித் தொழுதுவிட்டு வெளியே வந்து, இந்தக் கிரகம் எனக்கு என்ன செய்யுமோ என்று அஞ்சினால், தொழுகையில் சொன்னது எங்கே போனது?

மகன் இறந்த நாளில் இருண்ட சூரியன்

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

நபி (ஸல்) அவர்களுக்கு மதீனாவில் பிறந்த மகன் இப்ராஹீம். பால்குடி மறக்காத வயதில் அந்தக் குழந்தை இறந்தது. நபியவர்களின் கண்கள் கலங்கின. அன்றைக்கே சூரிய கிரகணம் ஏற்பட்டது. கி.பி. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்த கிரகணமே அது என்று வானியல் கணக்கு காட்டுகிறது. மக்கள் பேசிக்கொண்டார்கள்: நபியின் மகன் இறந்ததற்காகச் சூரியனே இருண்டுவிட்டது.

சற்று யோசியுங்கள். அந்தப் பேச்சை மக்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அன்பினால் சொன்னார்கள். நபியவர்கள் மறுக்காமல் மௌனமாக இருந்திருந்தால் போதும், அவர்களின் பெருமைக்கு அது ஒரு சான்றாக உலகம் முழுவதும் பரவியிருக்கும். எதிரிகள்கூட வாயடைத்துப் போயிருப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. தொழ வைத்தார்கள். பிறகு தெளிவாக அறிவித்தார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, யாருடைய மரணத்துக்காகவும், யாருடைய வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள், துஆச் செய்யுங்கள் என்ற கருத்தில் அவர்கள் சொன்னதை முகீரா இப்னு ஷுஅபா (ரலி) உள்ளிட்ட தோழர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது.

உண்மை இல்லாத ஒரு சான்று தமக்குச் சாதகமாக வந்து நின்றபோது, அதுவும் துக்கத்தின் உச்சத்தில், அதை ஏற்க மறுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஒருவர் உண்மையாளர் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

அந்த நபியின் உம்மத்தாகிய நாம், பிறைக்கு அருகில் ஒரு கோள் வந்ததும், "பாருங்கள், நம் மார்க்கத்தின் சின்னம் வானத்திலேயே வந்துவிட்டது" என்று பரப்பலாமா? அத்தாட்சி என்றால் அது அல்லாஹ்வைக் காட்ட வேண்டும். அதை நம் பக்கம் திருப்பி, நம் பெருமையைக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டோமானால், அத்தாட்சியையே தவறாகப் படித்துவிட்டோம்.

பிறையும் நட்சத்திரமும் சின்னமா?

அதையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிறையையும் நட்சத்திரத்தையும் இஸ்லாத்தின் சின்னமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று குர்ஆனும் சொல்லவில்லை, ஹதீஸும் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களின் கொடி கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருந்ததாகத்தான் அறிவிப்புகள் சொல்கின்றன. பிறை, நட்சத்திர உருவம் இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக சாஸானிய அரசர்களின் நாணயங்களிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் உஸ்மானியப் பேரரசின் கொடியில் இடம்பெற்று, அதன் பிறகு பல முஸ்லிம் நாடுகளின் கொடிகளுக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிவாசல் மினாராவில் அடையாளத்துக்காகப் பிறை வைப்பது வேறு. அதை மார்க்கத்தின் ஆதாரமாக நினைப்பது வேறு.

இன்னொன்றும் சொல்கிறேன். பிறையின் இரண்டு முனைகளுக்கு நடுவில் நட்சத்திரம் இருப்பதுபோல் படம் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். நிலாவின் அந்த இருண்ட பகுதி வெற்றிடம் அல்ல. அங்கேயும் நிலா இருக்கிறது, வெளிச்சம் படவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருக்கும் எந்த நட்சத்திரமும் நமக்குத் தெரியாது. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. வந்த படத்தையெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பதும் அதில் அடங்கும்.

இதில் என்ன நஷ்டம், நல்ல எண்ணத்தில்தானே பரப்புகிறோம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் நம் பிள்ளைகளுக்கு. வீட்டில் இதை அற்புதம் என்று கேட்ட பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும். இது மாதந்தோறும் நடக்கும் நிகழ்வு, முன்கூட்டியே கணக்கிடலாம் என்று அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். அந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன தோன்றும்? அத்தா சொன்ன இது தவறு என்றால், அத்தா சொன்ன மற்றதெல்லாம்? மறுமை? சொர்க்கம்? நரகம்? பொய்யான ஒரு தூணை ஈமானுக்கு முட்டுக் கொடுத்தால், அந்தத் தூண் விழும்போது வீடும் ஆடும். அல்லாஹ்வின் மார்க்கம் நம் பொய்யின் தயவில் நிற்கவில்லை.

கிரகங்கள் பலன் தருமா?

இனி அடுத்த பேச்சு: நல்லதா, கெட்டதா?

நம்மைச் சுற்றி குருப் பெயர்ச்சி, சனிப் பெயர்ச்சி என்ற பேச்சு இருக்கிறது. வியாழன் வானத்தை ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டுகள். பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஓர் ஆண்டு. சனிக்கு ஏறத்தாழ 29 அரை ஆண்டுகள். ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து, உனக்கு வேலை போகும், உன் மகளுக்குத் திருமணம் தடைப்படும் என்று சொல்ல எந்த வழியும் இல்லை. பிற சமயத்தவரைக் குறை சொல்ல இதை நான் பேசவில்லை. நம் வீட்டை நாம் திருத்திக்கொள்ளப் பேசுகிறேன். பால் கிதாபு பார்ப்பவர்கள் நம்மிடம் இல்லையா? ஸஃபர் மாதம் பீடை என்று கல்யாணத்தைத் தள்ளி வைப்பவர்கள் இல்லையா? கிரகணத்தின்போது கர்ப்பிணிப் பெண்ணைப் பயமுறுத்தி அறையில் அடைத்து வைப்பவர்கள் இல்லையா?

ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. பஜ்ரு தொழுகைக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ் கூறியதாகத் தோழர்களுக்குச் சொன்னார்கள்: அல்லாஹ்வின் அருளால் மழை பெய்தது என்றவர் அவனை நம்பி நட்சத்திரத்தை மறுத்தவர், இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்றவர் நட்சத்திரத்தை நம்பி அவனை மறுத்தவர். ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. ஒரு வாக்கியம்தான், ஈமானும் குஃப்ரும் அதில் பிரிகின்றன. நட்சத்திர பலனைக் கற்பது சூனியத்தின் ஒரு பகுதியைக் கற்பதே என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அரபிகளில் சிலர் ஷிஃரா என்ற நட்சத்திரத்தை வணங்கினார்கள். அந்த ஷிஃராவுக்கும் அவனே இறைவன் என்று சூரா அந்நஜ்மின் 49ஆவது வசனத்தில் அல்லாஹ் அறிவித்துவிட்டான்.

அப்படியானால் நட்சத்திரங்களால் பயனே இல்லையா? இருக்கிறது. வானத்துக்கு அலங்காரம், ஷைத்தான்களுக்கு எறிகல், வழி அறிய அடையாளம் என்ற மூன்று நோக்கங்களை கதாதா (ரஹ்) அவர்கள் குர்ஆனிலிருந்து எடுத்துச் சொல்லி, இதற்கு மேல் விளக்கம் தேடுபவர் தவறிவிட்டார் என்றார்கள். கடலோடிகளான நம் முன்னோர்கள் விண்மீனைப் பார்த்துத்தான் இரவில் கரை சேர்ந்தார்கள். திசை காட்டச் சொல்லி நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். விதி காட்டச் சொல்லி அல்ல.

பார்த்தால் என்ன செய்வது?

ஆகவே வானத்தைப் பார்க்காதீர்கள் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். பாருங்கள். பார்ப்பவர்களுக்காகவே வானத்தை அழகுபடுத்தியதாக அல்லாஹ் சூரா அல்ஹிஜ்ரின் 16ஆவது வசனத்தில் சொல்கிறான். அழகை வைத்தவன் அவன். ரசிப்பதில் பாவம் இல்லை.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது தம் சிற்றன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். இரவின் பிற்பகுதியில் நபி (ஸல்) அவர்கள் எழுந்து, வானத்தைப் பார்த்து, சூரா ஆலஇம்ரானின் இறுதி வசனங்களை ஓதினார்கள். பிறகு உளூச் செய்து தொழுதார்கள். வானங்கள், பூமி ஆகியவற்றின் படைப்பிலும், இரவு பகல் மாறி வருவதிலும் அறிவுடையோருக்கு அத்தாட்சிகள் உள்ளன என்று தொடங்கும் வசனங்கள் அவை. அந்த வரிசையைக் கவனியுங்கள். பார்த்தார்கள், ஓதினார்கள், தொழுதார்கள். நாம் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், அனுப்புகிறோம், அங்கேயே நின்றுவிடுகிறோம்.

தலைப்பிறையைக் கண்டால் ஓதும் துஆவையும் நினைவில் வையுங்கள். இந்தப் பிறையை எங்களுக்குப் பரக்கத்தோடும் ஈமானோடும் ஸலாமத்தோடும் இஸ்லாத்தோடும் உதிக்கச் செய்வாயாக என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்தப் பிறையை நோக்கியே, என் இறைவனும் உன் இறைவனும் அல்லாஹ்தான் என்று சொல்ல நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாகத் திர்மிதீயில் இருக்கிறது. பிறையைப் பார்த்து நாம் எதுவும் கேட்பதில்லை. நீயும் அடிமை, நானும் அடிமை என்று சொல்கிறோம்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். இது வெள்ளி, இது வியாழன், இது செவ்வாய் என்று காட்டுங்கள். அடுத்த நாளும் காட்டி, நிலா எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு யாஸீனின் 40ஆவது வசனத்தின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஆயிரம் ஃபார்வர்டு செய்யாததை அந்தப் பத்து நிமிடம் செய்யும், இன்ஷா அல்லாஹ்.

எனக்காகவும் உங்களுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறேன். நீங்களும் தேடுங்கள். அவன் மன்னிப்பவன், நிகரற்ற அன்புடையவன்.

இரண்டாம் உரை

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

அல்லாஹ்வின் அடியார்களே! நிலாவும் வெள்ளியும் சேர்ந்ததுபோல் தெரிந்தது வெறும் தோற்றம் என்று பார்த்தோம். ஆனால் ஒரு சேர்க்கை இருக்கிறது. அது தோற்றம் அல்ல. பார்வை திகைத்துப் போய், சந்திரன் ஒளியிழந்து, சூரியனும் சந்திரனும் ஒன்று சேர்க்கப்படும் நாளைப் பற்றி சூரா அல்கியாமாவின் 7 முதல் 9 வரையுள்ள வசனங்கள் பேசுகின்றன. கோள்கள் உதிர்ந்து சிதறும் நாளைப் பற்றி சூரா அல்இன்ஃபிதார் பேசுகிறது. எந்தக் கணக்கு இன்று மாறாமல் ஓடுகிறதோ, அந்தக் கணக்கை எழுதியவனே அதை முடித்து வைப்பான். அன்று மனிதன், எங்கே ஓடுவது என்று கேட்பான். ஓடுவதற்கு இடம் இருக்காது. அன்று எந்த ராசியும் கைகொடுக்காது. எந்தச் சின்னமும் காப்பாற்றாது. நாம் செய்த அமல் மட்டும் நம்மோடு இருக்கும்.

அந்த நாளைக் குறித்து நிலாவைக் காட்டியே சொல்லப்பட்ட ஒரு நற்செய்தியும் உண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு பௌர்ணமி இரவில் அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு அமர்ந்திருந்தார்கள். நபியவர்கள் நிலாவைப் பார்த்துவிட்டு, இந்த நிலாவை நெருக்கடி இல்லாமல் பார்ப்பதுபோல் உங்கள் இறைவனை நீங்கள் பார்ப்பீர்கள் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. சூரியன் உதிப்பதற்கு முன்னுள்ள தொழுகையையும், மறைவதற்கு முன்னுள்ள தொழுகையையும் தவறவிடாமல் இருக்க உங்களால் முடியுமானால் அவ்வாறே செய்யுங்கள் என்றார்கள். பஜ்ரும் அஸரும். இதுவும் புகாரியில் உள்ள ஹதீஸ்.

வானத்தைப் பார்க்கும் பேச்சு எங்கே வந்து முடிகிறது பாருங்கள்! பஜ்ரிலும் அஸரிலும். நிலாவையும் வெள்ளியையும் பார்க்க மாடி ஏறியவர் நாளைக் காலை பஜ்ருக்கு இறங்கி வர வேண்டும். வெள்ளி விடிவெள்ளியாக இருக்கும் மாதங்களில், பஜ்ருக்கு நடந்து வருபவர்தான் அதைக் கிழக்கே காண்பார். தூங்குபவருக்கு அந்தக் காட்சியும் இல்லை, அந்தத் தொழுகையும் இல்லை.

உறவை முறித்து வைத்திருப்பவர்கள் இன்று தொழுகை முடிந்து வெளியேறும்போது ஒரு ஸலாமைச் சொல்லிப் பாருங்கள். கோடிக் கணக்கான கிலோமீட்டர் அல்ல, ஒரு வார்த்தை தூரம்தான்.

நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத் சொல்லுமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அதிகமாகச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! உன் அத்தாட்சிகளைப் பார்த்து உன்னை அறியும் கண்களை எங்களுக்குத் தருவாயாக. உன்னைத் தவிர வேறு எதையும் அஞ்சாத, வேறு எதன் மீதும் நம்பிக்கை வைக்காத உள்ளத்தைத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளின் ஈமானைப் பாதுகாப்பாயாக. எங்கள் ஸஃப்புகளைச் சேர்த்ததுபோல் எங்கள் உள்ளங்களையும் சேர்ப்பாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், கடனில் தவிப்பவர்களுக்கு விடுதலையையும், மரணித்தவர்களுக்கு மஃபிரத்தையும் தருவாயாக. சூரியனும் சந்திரனும் ஒன்று சேர்க்கப்படும் அந்நாளில் எங்களை உன் அர்ஷின் நிழலில் சேர்ப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.